இரண்டு முறை கழித்தது

ஒரு விடுகதை போடுகிறேன் தினி, பதில் தெரிந்தாலும் உடனே சொல்லிவிடாதே: எந்தப் பாத்திரத்திலும் ஊற்றி வைக்க முடியாது, தொட்டால் அணைந்துபோகும், தொடாமலே அதற்கு எவ்வளவு காய்ச்சல் என்று பார்த்துச் சொல்ல வேண்டும், அது என்ன? ஐந்து வயதில் உனக்கு இதைப் போட்டபோது சோப்புக் குமிழி என்றாய். குமிழிக்குக் காய்ச்சல் வருமா என்று கேட்டேன். ரொம்ப நேரம் வெயிலில் பறந்தால் வரும் என்றாய். இப்போது உனக்குப் பத்து வயது, நீ அந்தக் கதவுக்கு உள்ளே இருக்கிறாய், நான் வெளியே இருக்கிறேன், அதனால் வாய்விட்டுக் கேட்க முடியாது, மனதுக்குள் கேட்டுக்கொள்கிறேன். கதவைப் பதினொன்று இருபத்தைந்துக்குச் சாத்தினார்கள். கடிகாரம் பார்க்காமல் எதையும் தொடங்கவும் முடிக்கவும் எனக்குத் தெரியாது, அது தொழில் பழக்கம். குடும்பநல நீதிமன்றத்தின் மாடித் தாழ்வாரம், நீளமான ஒரு மரப்பெஞ்சு, இந்த முனையில் நான், அந்த முனையில் உன் அப்பா, நடுவில் உன் தண்ணீர் பாட்டில். உள்ளே ஆலோசகர் மேடம் ஒரே ஒரு கேள்வியை உன்னிடம் பல விதமாகக் கேட்டுக்கொண்டிருப்பார்: பள்ளிக்கூட நாட்களில் நீ யாரோடு இருக்க விரும்புகிறாய், திருச்சியில் அப்பாவோடா, பரோடாவில் அம்மாவோடா. நீ சொல்வதை எழுதி நீதிபதிக்கு அனுப்புவார். அதற்கு நாங்கள் இருவரும் கட்டுப்படுவதாகப் போன வாரமே கையெழுத்துப் போட்டுவிட்டோம். மற்றதெல்லாம் முடிந்துவிட்டது, சண்டையில்லாமல், இரண்டு பேரும் ஒரே பேனாவை மாற்றி மாற்றி வாங்கி. இது ஒன்றுதான் பாக்கி. உள்ளே போகும்போது நீ திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் உன் உதடு அசைந்தது, மூணு, ரெண்டு, ஒண்ணு என்று எண்ணிவிட்டுத்தான் கதவுக்குள் காலை வைத்தாய். அது நான் சொல்லிக்கொடுத்தது.

இந்தக் காத்திருப்பு எனக்குப் புதிதில்லை. எங்கள் இயந்திரத்தில் ஒரு ஷாட்டுக்கும் அடுத்த ஷாட்டுக்கும் நடுவே பதினைந்து நிமிடம். ஷாட் என்பது அரை நொடிதான். ஆளைவிட உயரமான ஓர் இரும்பு வளையம், உள்ளே இருக்கும் காற்றை எல்லாம் உறிஞ்சி எடுத்துவிட்டு ஒரு சிட்டிகை ஹைட்ரஜனை விடுவோம், மின்சாரம் பாய்ச்சுவோம், அது லட்சக்கணக்கான டிகிரிக்குச் சூடேறி, சூரியனுக்குள்ளே இருப்பதைப் போன்ற ஒரு பொருளாக மாறும். பிளாஸ்மா. சுவரில் பட்டால் சுவருக்கும் கேடு, அதற்கும் அந்த நொடியே ஆயுள் முடிந்துபோகும். அதனால் காந்தத்தால் கட்டி அந்தரத்தில் நிறுத்துகிறோம். சூரியன் செய்கிற வேலையை ஒருநாள் ஓர் அறைக்குள் செய்து அதிலிருந்து மின்சாரம் எடுக்கலாம் என்றுதான் இவ்வளவும். அரை நொடி முடிந்ததும் காந்தச் சுருள்கள் ஆறவேண்டும், யாராலும் அதை அவசரப்படுத்த முடியாது, பதினைந்து நிமிடம் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும், சிலர் டீ குடிப்பார்கள், சிலர் செருப்பைக் கழற்றிக் காலைத் தேய்ப்பார்கள். ஷாட் நடக்கும்போது கூடத்துக்குள் ஒருவரும் இருக்கக் கூடாது. ஆள் இல்லை என்று பார்த்து, கதவைப் பூட்டி, சைரன் கொடுத்து, இருபதிலிருந்து இறங்கி எண்ணுவார்கள். அந்த அரை நொடியைப் பக்கத்தில் நின்று பார்த்தவர் உலகத்தில் கிடையாது. இருபத்திரண்டு வருஷமாக நானும் சுவருக்கு இந்தப் பக்கம் இருந்துதான் பார்க்கிறேன், இதோ இப்போது போலவே, கதவைப் பார்த்துக்கொண்டு, கைகளை மடியில் வைத்துக்கொண்டு. "ஜெசி, கடலைமிட்டாய் வேணுமா?" என்று அந்த முனையிலிருந்து தாஸ் கேட்டான். வேண்டாம் என்றேன். "தினிதான் எடுத்தா, வர்ற வழியில." அப்படியானால் கொடு என்றேன். உருட்டிவிட்டான், பெஞ்சின் மேல், உன் பாட்டிலைச் சுற்றிக்கொண்டு வந்து சேர்ந்தது. உன் அப்பாவை நான் மனதுக்குள் இன்னும் அவன் என்றுதான் நினைக்கிறேன், எம்.எஸ்சி.யில் ஒரே வகுப்பு, ஒரே பரிசோதனை மேஜை. அவன் பள்ளிக்கூடத்துக்குப் பாடம் நடத்தப் போனான், நான் சூட்டை அளக்கப் போனேன்.

சேர்ந்த வருஷம் எனக்குக் கொடுத்தது ஊசி வேலை. பென்சில் முனை அளவு டங்ஸ்டன் கம்பி, அதைப் பிளாஸ்மாவின் ஓரத்தில் லேசாக நீட்டி, எவ்வளவு மின்சாரம் வருகிறது என்று பார்க்க வேண்டும். ஓரத்தில் மட்டும்தான். ஒரு விரற்கடை கூடுதலாக உள்ளே போனால் முனை உருகும், உருகிய உலோகம் உள்ளே கலக்கும், பிளாஸ்மா கறுத்து அணையும். முதல் மாதத்திலேயே நான் மூன்று ஊசிகளை உருக்கினேன். தொட்டுத்தான் ஆகவேண்டும் என்கிற ஆசை எல்லாருக்கும் முதலில் இருக்கும் என்று சீனியர் ஒருவர் சொன்னார், திட்டவில்லை. பிறகு என்னை லேசருக்கு மாற்றினார்கள். ஒளியை ஒரு கணம் பாய்ச்சி, உள்ளே ஓடுகிற எலெக்ட்ரான்களில் பட்டு அது சிதறி வருவதைப் பிடிப்பது. எலெக்ட்ரான் எவ்வளவு வேகமாக ஓடுகிறதோ அவ்வளவுக்குச் சிதறும் ஒளியின் நிறம் விரியும், நிறம் எவ்வளவு விரிந்தது என்று பார்த்தால் சூடு எவ்வளவு என்று தெரிந்துவிடும். தொடவே வேண்டாம். எனக்கு அது பிடித்துப்போயிற்று தினி. இருபது வருஷம் அதையே செய்தேன். உனக்கு ஆறு வயதில் ஒருமுறை கூட்டிப்போய்க் காட்டினேனே, கேமராத் திரையில் இளஞ்சிவப்பாக ஒரு மங்கல் வந்து போயிற்று, நீ ஆ என்றாய், வருகிறவர்கள் எல்லாருமே அங்கே ஆ என்பார்கள். அன்றைக்கு நான் உனக்குச் சொல்லாத ஒன்று இருக்கிறது. அந்த இளஞ்சிவப்பு குளிர்ந்த ஓரம். எங்கே சூடு அதிகமோ, அந்த நடுவில், கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சமே கிடையாது. பார்த்தால் வெறும் இடம் போல இருக்கும். இன்று காலையில் நீ ஆட்டோவிலிருந்து இறங்கி என்னைப் பார்த்துச் சிரித்தாய், புதிதாக விழுந்த பல்லின் இடைவெளி தெரிய, "பயணம் நல்லா இருந்துச்சாம்மா?" என்று விருந்தாளியிடம் கேட்பது போலக் கேட்டாய். நன்றாக இருந்தது என்றேன். அதிலிருந்து அந்தச் சிரிப்பையே நினைத்துக்கொண்டிருக்கிறேன், ஓரமா, நடுவா.

தவறாகவும் அளந்திருக்கிறேன். நீ பிறப்பதற்கு மூன்று வருஷம் முன்னால். லேசர் ஒளி பிளாஸ்மாவில் மட்டும் சிதறினால் தொல்லையில்லை, அது குழாய்ச் சுவரிலும் சாளரத்தின் விளிம்பிலும் பட்டுத் தெறித்து அந்தத் தெறிப்பும் சேர்ந்தே கருவிக்குள் வரும். அதனால் முதலில் ஒரு வெற்று ஷாட் போடுவோம், ஹைட்ரஜன் இல்லாமல், லேசர் மட்டும். அப்போது வருவது முழுவதும் இயந்திரத்தின் சொந்தத் தெறிப்பு. அதைக் குறித்துக்கொண்டு, உண்மையான ஷாட்டில் வருவதிலிருந்து கழித்துவிடுவோம். பின்னணியைக் கழிப்பது என்று பெயர். கழித்தது போக மிச்சம் இருப்பதுதான் உண்மை. அன்றைக்கு மிச்சம் எண்பத்திரண்டு லட்சம் டிகிரி காட்டியது. அதுவரை எங்கள் இயந்திரம் அந்தப் பக்கமே போனதில்லை. கேன்டீனில் எல்லாருக்கும் பேடா கொடுத்தார்கள், நான் தாஸுக்குப் போன் செய்தேன், அவன் வகுப்பில் கரும்பலகையில் எழுதிப் போட்டதாகச் சொன்னான். மூன்று வாரம் நான் தரையில் நடக்கவில்லை. பிறகு ஒருநாள் மதியம், என்னோடு வேலை பார்த்த ஹேமாங்கினி, என்னை ஜெசிபென், ஜெசி அக்கா, என்று கூப்பிடுவாள், தயிர்சாதத்தைப் பிசைந்துகொண்டே கேட்டாள், "ஜெசிபென், நீங்கள் எதைக் கழிக்கிறீர்கள்?" பின்னணியை, என்றேன். அவள் கை நின்றுவிட்டது. "நானும் அதைத்தானே கழிக்கிறேன், ப்ரோக்ராமிலேயே." அவள் தான் எழுதிய கணக்கில் கழித்துவிட்டு எனக்குக் கொடுத்திருக்கிறாள், அவள் கழிக்கவில்லை என்று நினைத்து நான் மறுபடி கழித்திருக்கிறேன். இரண்டாவது தடவை கழிக்கும்போது அங்கே தெறிப்பே இல்லை, உண்மையான ஒளியிலேயே கை வைத்து நடுப்பகுதியைப் பிய்த்து எறிந்துவிட்டேன், மிச்சம் அகலமாகத் தெரிந்தது, அகலத்தைச் சூடு என்று படித்துவிட்டோம். உண்மை ஐம்பத்தொரு லட்சம். லாக் புத்தகத்தில் அந்தப் பக்கத்திலேயே சிவப்பு மையில் எழுதினேன், பின்னணி இரண்டு முறை கழிக்கப்பட்டது என்று, கீழே என் பெயர், தேதி. எங்கள் இருவரில் ஒருத்தி கொஞ்சம் அசட்டையாக இருந்திருந்தால் கணக்குச் சரியாக வந்திருக்கும். இருவரும் கவனமாக இருந்ததால் வந்த தப்பு அது.

பதினொன்று நாற்பது. தாழ்வாரத்தின் கடைசியில் டவாலி யாரையோ பெயர் சொல்லி மூன்று முறை கூப்பிட்டான், யாரும் வரவில்லை. உள்ளே சத்தமில்லை. போன தடவை வந்தபோது அந்த அறையைப் பார்த்திருக்கிறேன், தாழ்வான மேஜை, கலர் பென்சில், ஒரு காது இல்லாத பிளாஸ்டிக் ஒட்டகச்சிவிங்கி. நீ இப்போது அதன் இல்லாத காதைத் தடவிக்கொண்டிருப்பாய், ஓட்டை கண்டால் விரலை விடுவது உன் பழக்கம். அப்பா என்று சொல்வாயா, அம்மா என்று சொல்வாயா, தெரியாது என்று சொல்வாயா, அல்லது, இதற்குத்தான் நான் அதிகம் பயப்படுகிறேன், என்னைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது என்பதால் அம்மா என்று சொல்வாயா. சொன்னால் நான் வேண்டாம் என்பேனா? என்னால் முடியாது, கூட்டிக்கொண்டு போய்விடுவேன். குடியிருப்பில் உனக்கான அறை ஆறு மாதமாகத் தயாராக இருக்கிறது, ஜன்னலுக்கு மஞ்சள் திரை போட்டிருக்கிறேன், உன் உயரத்துக்கு ஒரு கொக்கி அடித்திருக்கிறேன், போன மாதம் நீ அளந்து சொன்ன உயரத்துக்கு. கொக்கியில் இப்போதைக்கு என் குடை தொங்குகிறது. பள்ளி விட்டு நீ வருவது மூன்றரைக்கு, நான் வருவது ஆறரைக்கு, நடுவில் மூன்று மணி நேரம், அதை ஏதாவது செய்துகொள்ளலாம், நடுவில் மூன்று மணி நேரம். இதை நூறு தடவை நினைத்தாயிற்று, ஒவ்வொரு தடவையும் இந்த இடத்தில் வந்து துணி ஆணியில் மாட்டுவது போல மாட்டிக்கொள்கிறது.

தாஸ் எழுந்து நடந்தான், திரும்பி வந்து உட்கார்ந்தான், இந்த முறை பாட்டிலுக்குப் பக்கத்தில். "வக்கீல் என்ன சொல்றான் தெரியுமா, எண்ணூறு கேஸ் பாத்திருக்கானாம், எல்லாத்துலயும் குழந்தைங்க தூங்குற கட்டில் எங்க இருக்கோ அங்கதான் போகுதாம்." எண்ணூறு என்றால் நானூறு என்று நான் உடனே மனதுக்குள் பாதியாக்கிக்கொண்டேன். அது எனக்குக் கைவந்த வேலை. உன் அப்பா எதையும் இரண்டு மடங்காகத்தான் சொல்வான். காவிரியில் இரண்டு கிலோ கெண்டை பிடித்தால் நான்கு கிலோ, பஸ் அரை மணி நேரம் தாமதமானால் ஒரு மணி நேரம். கல்யாணமான புதிதில் சண்டை போடுவேன், பிறகு பாதியாக்கிக்கொள்ளப் பழகிவிட்டேன், அவன் பேசும்போதே ஒரு கை உள்ளே கழித்துக்கொண்டே இருக்கும். ஒன்றே ஒன்றில் மட்டும் அவன் மிகைப்படுத்த மாட்டான். உன் நெற்றியில் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடுவான், நூத்தி ஒண்ணரை என்பான், நான் தெர்மாமீட்டரை உதறி வைத்துப் பார்ப்பேன், நூற்று ஒன்று புள்ளி நான்கு. "லேசரை எல்லாம் கடையில போடு ஜெசி, என் கையைக் கொண்டுபோய் உன் மிஷின்ல மாட்டு" என்பான். மாட்டினால் கை இருக்காது என்பேன். நீ நடுவில் படுத்துக்கொண்டு, காய்ச்சலோடு, எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துச் சிரிப்பாய். அப்போது உனக்கு மூன்று வயதோ நான்கோ. அந்த அறையில் மூன்று பேர் இருந்தோம்.

"என்ன சொல்லுவா?" என்று அவன் கேட்டான், கதவைப் பார்த்துக்கொண்டே. தெரியவில்லை என்றேன். "ரெண்டு வருஷம் கழிச்சு வந்து கேட்டா அவளுக்கு மட்டும் என்ன தெரியும்?" குத்திக்காட்டத்தான் சொன்னான், ஆனால் எனக்கு அந்தச் சொல் மட்டும் தனியாகக் கேட்டது. கழிச்சு. இரண்டு வருஷம் கழித்து வந்தேன், இரண்டு வருஷத்தை அங்கே கழித்தேன், உன் பத்திலிருந்து இரண்டைக் கழித்தேன், எல்லாவற்றுக்கும் நமக்கு ஒரே சொல்தான் இருக்கிறது தினி, இதுவரை நான் கவனித்ததில்லை. பிரான்சில் ஒரு பெரிய இயந்திரத்துக்கு லேசர் அமைத்துக் கொடுக்கக் கூப்பிட்டார்கள், போ என்று சொன்னதே தாஸ்தான், "நீ போனாத்தான் ஜெசி, நான் உலகத்துல எல்லார்கிட்டயும் பெருமை அடிச்சுக்க முடியும்" என்றான். அதை நான் பாதியாக்கினேனோ என்னவோ. "நேத்து மத்தியானத்துலேர்ந்து சாப்பிடலை அவ" என்றான். "தட்டுல கோலம் போட்டுட்டு எந்திரிச்சுட்டா. அந்த டெங்கு நாலு நாள் மாதிரியே." எந்த நான்கு நாள் என்று கேட்டேன். அவன் உன் பாட்டிலை எடுத்து மூடியைத் திருகி வைத்தான். "தாஸ், எந்த நாலு நாள்? அப்ப இட்லி சாப்பிட்டான்னு சொன்னியே." "சொன்னேன்." "சாப்பிடலையா?" "ஒரு வாய் இறங்கலை. உன்னைக் கேட்டுக்கிட்டே கெடந்தா. ட்ரிப்ஸ் ஏத்துன கையில போனைப் புடிச்சுக்கிட்டு, அம்மா எந்த பிளைட்ல வருது, எத்தனை மணிக்கு வருதுன்னு நர்ஸு, கூட்டுற அம்மா, ஒருத்தர் பாக்கி இல்லை." லேசாகத் தேடுகிறாள் என்றுதானே சொன்னாய் என்றேன். என் குரல் எனக்கே தூரத்தில் கேட்டது. "வேற எப்படிச் சொல்றது? நீ அங்க ஒத்தையா இருந்த. மிஷின் ஆரம்பிக்கிற வாரம். உள்ளதை அப்படியே சொல்லியிருந்தா நீ என்ன ஆகியிருப்ப? அதான் கொறைச்சுச் சொன்னேன்." "நீ எப்பவும் ரெண்டு மடங்காத்தானே சொல்லுவ." "அது மீனுக்கு, ஜெசி."

அது மீனுக்கு. அந்த வாரத்தை என்னால் ஷாட் எண்களோடு சொல்ல முடியும். உனக்கு எட்டு வயது, ஆஸ்பத்திரியின் இரண்டாவது மாடி, நான் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை உன் காய்ச்சலையும் பிளேட்லெட் எண்ணிக்கையையும் கேட்டு வாங்கி ஒரு வரைபடம் போட்டேன், கோடு இறங்கி, தரையைத் தொடாமல், மறுபடி ஏறியது, அந்தக் கோட்டைத் தடவிப் பார்த்து நன்றி சொன்னேன். லேசாத் தேடுறா, சமாளிச்சுக்கலாம் என்று தாஸ் சொன்னபோது, உள்ளே இருந்த கை தானாகவே வேலை செய்தது: இவன் லேசாக என்கிறான், இவன் கணக்கில் அதுவே இரண்டு மடங்கு, பாதியாக்கினால் ஏதோ ஒருதடவை கேட்டிருப்பாள், காய்ச்சலில் எந்தக் குழந்தையும் கேட்பதுதான். கழித்தேன். மிச்சம் ஒன்றும் இல்லை. பயணச்சீட்டுக்குச் சொல்லி வைத்திருந்ததை வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கட்டுப்பாட்டு அறைக்குப் போனேன், அன்று லேசர் ஒழுங்காகப் பாய்ந்தது, எல்லாரும் கை கொடுத்தார்கள். அவன் ஏற்கெனவே கழித்திருந்தான். என் மேல் இருந்த அக்கறையால் கழித்துவிட்டுத்தான் எனக்குக் கொடுத்தான். கழிக்கவில்லை என்று நினைத்து நான் மறுபடி கழித்தேன். இரண்டு பேரும் கவனமாக இருந்தோம். நடுவில் இருந்த உன்னைப் பிய்த்து எறிந்துவிட்டு மிச்சத்தைப் படித்தோம். ஹேமாங்கினி தயிர்சாதத்தில் கையை நிறுத்திக்கொண்டு கேட்டது போல யாராவது என்னைக் கேட்டிருக்கலாம், நீ எதைக் கழிக்கிறாய் என்று. யாரும் கேட்கவில்லை. நானும் அவனைக் கேட்கவில்லை. தாஸ் தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். "அன்னிக்கு எவ்வளவு இருந்துச்சு?" என்று கேட்டேன். புரிந்துகொண்டான். "நூத்தி நாலு. தெர்மாமீட்டர்லயும் நூத்தி நாலுதான்." எனக்கு நூற்று இரண்டு என்று வந்தது. என் வரைபடத்தில் அந்தப் புள்ளி இன்னும் நூற்று இரண்டில்தான் இருக்கிறது.

நீ தேறி வீட்டுக்கு வந்த வாரத்தில் வீடியோவில் உனக்கு அந்த விடுகதையை மறுபடி போட்டேன். கன்னம் ஒட்டி, கண் பெரிதாக, கழுத்தில் துண்டு சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். சோப்புக் குமிழி இல்லை, நன்றாக யோசி என்றேன். நீ யோசித்தாய். பிறகு விரலைத் திரைக்குக் கிட்டே கொண்டுவந்து, "தெரிஞ்சிருச்சு, வீடியோ கால்" என்றாய். எப்படி என்றேன். "எதுலயும் ஊத்தி வைக்க முடியாது. தொட்டா கட் ஆயிடும். நீ தொடாமதானே என் காய்ச்சலைப் பாத்த." நான் சிரித்தேன். தினி, நான் விழுந்து விழுந்து சிரித்தேன், அந்த ஊர்க்காரர்களுக்கு அதை மொழிபெயர்த்துச் சொல்லி அவர்களையும் சிரிக்க வைத்தேன், என் மகள் கெட்டிக்காரி என்றேன். நீ சிரித்தாயா என்பது எனக்கு நினைவில்லை. அதற்குப் பிறகு மூணு, ரெண்டு, ஒண்ணு எண்ணி, விரலால் தொட்டு, நீதான் முதலில் போனை வைத்தாய். எப்போதும் நான்தான் வைப்பேன். அன்றைக்கு நீ வைத்தாய். அதையும் குறித்துக்கொண்டேன், அதன் பக்கத்தில் காரணம் எழுதவில்லை.

பன்னிரண்டு ஐந்து. ஒரு ஷாட்டுக்குக் காத்திருக்க நாற்பது நிமிடம் என்பது ரொம்ப அதிகம். ஏதோ சிக்கல் இருந்தால்தான் இவ்வளவு நேரம் ஆகும், அல்லது நீ மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகச் சொல்கிறாய், அல்லது ஒட்டகச்சிவிங்கியை வரைந்துகொண்டிருக்கிறாய், காதோடு. நான் என்ன செய்யப்போகிறேன் என்று எனக்குத் தெரியும். நீ சொன்ன உடனே உள்ளே இருக்கிற கை எழுந்துகொள்ளும். அப்பா என்று சொன்னால், பக்கத்துவீட்டு அனுஷாவுக்காகச் சொல்கிறாள், பள்ளிக்கூடத்துக்காகச் சொல்கிறாள், அவன் முகத்தைப் பார்த்துச் சொல்கிறாள் என்று ஒவ்வொன்றாகக் கழித்து, கடைசியில் நீ என்னைத்தான் சொன்னாய் என்று கொண்டுவந்து நிறுத்திவிடும். அம்மா என்று சொன்னால் பரிதாபத்தைக் கழிக்கும், மஞ்சள் திரையைக் கழிக்கும், ஒன்றும் மிஞ்சாமல் செய்துவிடும். அதற்கு இருபத்திரண்டு வருஷப் பயிற்சி இருக்கிறது. அந்தக் கையை இப்போதே மடியில் போட்டு மற்றக் கையால் பிடித்துக்கொள்கிறேன். கடலைமிட்டாய் உள்ளே பிசுபிசுக்கிறது. தாஸ் என்னைப் பார்த்து, "பயமா இருக்கா?" என்றான். ஆமாம் என்றேன். "எனக்கும்தான். கால் ரெண்டும் ஒரு மணி நேரமா நடுங்குது." நாற்பது நிமிடம்தான் ஆகியிருந்தது. நான் பாதியாக்கவில்லை. ஒரு மணி நேரம் என்றே வைத்துக்கொண்டேன்.

கதவு திறந்தது. ஆலோசகர் மேடம் மூக்குக்கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டுக்கொண்டு, "ரெண்டு பேரும் உள்ள வாங்க, உக்காருங்க. நான் சொல்லட்டுமான்னு கேட்டேன், பாப்பா தானே சொல்றேன்னு சொல்லிடுச்சு" என்றார். போனோம். நீ தாழ்வான நாற்காலியில் உட்கார்ந்திருந்தாய், விரல் ஒட்டகச்சிவிங்கியின் காது இருந்த ஓட்டையில். என்னைப் பார்த்தாய், அப்பாவைப் பார்த்தாய், மறுபடி என்னைப் பார்த்தாய். சிரிக்கவில்லை. உன் முகத்தில் ஒன்றுமே இல்லை, வெறும் இடம் போல இருந்தது, அதனால் எனக்குத் தெரிந்தது இது ஓரம் இல்லை என்று. மூணு, ரெண்டு, ஒண்ணு.

நேரம் பன்னிரண்டு பத்து. வெற்று ஷாட் எடுக்கவில்லை. எதுவும் கழிக்கவில்லை. அமுதினி, வயது பத்து, அப்பாவோடு இருக்கிறேன் என்று சொன்னாள்.